வார்டில் படுத்திருந்தவரை நான் கைது செய்த கதை

எங்கள் ஆபீஸில் சோறு தின்கிற மேசையும் விபத்துப் படங்களைப் பொறுக்குகிற மேசையும் ஒன்றுதான். கெடா மாநிலத்து மெர்கோங்கில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். இணையத்தில் தமிழ்ச் செய்தி வீடியோ போடுகிற சின்ன நிறுவனம். முதலாளிதான் ஆசிரியர், எல்லோருக்கும் அவர் 'பாஸ்'. காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சம்பல் எண்ணெய் படியாத சுண்டுவிரலால் திரையைத் தொட்டு, "இதுல ரத்தம் நல்லா தெரியுதுலா, இதையே போடு" என்பார். நெத்திலியை மெல்லுகிற சத்தம் நிற்காது. முதல் வாரம் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது மாதம் நானும் அதே மேசையில் உட்கார்ந்து தின்றேன். இன்று நினைத்தால் அதுதான் அதிகமாகக் குமட்டுகிறது.

நான் பீடோங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். அம்மாவுக்குக் கையுறை ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. கெடாவில் ஞாயிறு வேலை நாள் என்பதால் எங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலப் பூசைதான். அந்தப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிற பிள்ளை நான். மைக்கில் என் குரல் கணீரென்று கேட்கும். பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு என் கன்னத்தைக் கிள்ளி, "இது டிவி குரல்லா, இவள டிவிக்கு அனுப்புங்க" என்பார்கள். கிள்ளிக் கிள்ளியே என்னை நிருபராக்கிவிட்டார்கள். அம்மாவும் அதை நம்பினாள். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது, ஏறாமல் என்ன செய்யும்?

சுங்கைப்பட்டாணியில் ஒரு தனியார் கல்லூரியில் மல்டிமீடியா ஜர்னலிசம் டிப்ளோமாவில் சேர்ந்தேன். பெயர்தான் பெரிசு. வகுப்பு முழுக்கப் பிள்ளைகள், கேமரா மூன்றே மூன்று, அதில் ஒன்றுக்கு எப்போதும் பேட்டரி இருக்காது. விரிவுரையாளர் சுவரில் ஸ்லைடில் தெரிவதை அப்படியே வாசித்துவிட்டு, "எனி குவெஸ்சன்?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறப்பார். பத்திரிகை அறம் என்று ஒரு பாடம் இருந்தது. செய்தியைச் சரிபார், பாதிக்கப்பட்டவரை மதி, தவறு நடந்தால் உடனே திருத்து. மூன்றையும் வரி பிசகாமல் ஒப்பித்து எழுதினேன், அந்தப் பாடத்தில் எனக்கு ஏ. அந்தத் தாளை அம்மா பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தாள்.

கடைசி ஆண்டில் ஒரு சின்ன ஆவணப்படம் எடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் கணவனைப் பறிகொடுத்த ஓர் அக்காவைப் பிடித்து உட்காரவைத்தேன். பேசிக்கொண்டே வந்தவர் உடைந்து அழுதார். அந்த நேரம் பார்த்து பேட்டரி செத்துப் போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வேறு பேட்டரியை மாட்டிவிட்டு, "அக்கா, அந்த எடத்துலேருந்து இன்னொரு தடவ சொல்றீங்களா?" என்றேன். பாவம், அவர் சொன்னார். அழுகை வரவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. படத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது, 'இன்னும் கொஞ்சம் சோக இசை சேர்த்திருக்கலாம்' என்று ஒரு குறிப்போடு. அப்போதே தெரிந்திருக்க வேண்டும் எனக்கு, இந்தப் படிப்பு என்னை எந்த மாதிரி ஆளாக்கிக்கொண்டிருக்கிறது என்று.

படித்து முடித்து, மெர்கோங்கில் மூன்று பெண்களோடு ஓர் அறையில் தங்கி வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு மாதம் தற்காலிகம், பிறகுதான் நிரந்தரக் கடிதம் தருவார்கள். வேலை இதுதான். போலீஸோ தீயணைப்புப் படையோ மலாயில் எழுதி அனுப்புகிற அறிக்கை நிருபர்களின் ஃபோன் குழுவுக்கு வரும். அதைத் தமிழில் எழுதி, அதை நானே வாசித்துப் பதிவு செய்து, படங்களுக்கு மேல் ஒட்டி, வீடியோவின் முகப்புப் படத்தில் சிவப்பெழுத்தில் தலைப்பு வைத்து ஏற்ற வேண்டும். எல்லாம் பத்து நிமிடத்துக்குள். கீழே டயர் கழற்றுகிற மெஷின் போடுகிற சத்தத்தில் மாடியில் எதுவும் பதிவு செய்ய முடியாது. சத்தம் கேட்காத ஒரே இடம் பின்பக்கத்துக் கக்கூஸ். அதுதான் எங்கள் ஸ்டூடியோ. மூடியைச் சாத்தி அதன் மேல் உட்கார்ந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு, "வணக்கம், இது உங்கள் வட மாநிலச் செய்திகள்" என்பேன். கோயிலில் கேட்ட அதே கணீர்க் குரல். கெடா முழுக்கக் கேட்ட அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

தலைப்புக்கு மட்டும் பாஸிடம் ஒரு சட்டம் இருந்தது. மூன்று சொல்லுக்கு மேல் போகக்கூடாது. "நாலாவது சொல்ல யாரும் படிக்கமாட்டான். மூணு சொல்லுல அவன் வயிறு எரியணும், இல்ல வயிறு கலங்கணும்" என்பார். செய்திக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு மலாய்ச் சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் தஹான் என்ற சொல் இல்லாமல் யாரும் ஒரு நாளைக் கழிக்க முடியாது. வெயில் தாங்கவில்லை என்றால், "தஹான் பண்ண முடியலலா" என்போம். அப்பாவுக்கு டெங்கி வந்தபோது, "வார்டுல தஹான் பண்ணிட்டாங்க" என்றுதான் அம்மா அழுதுகொண்டே ஃபோன் செய்தாள். போலீஸ் ஒருவனைப் பிடித்துப் போனாலும் அதே தஹான்தான். பொறுத்துக்கொள்வது, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, பிடித்து அடைப்பது, மூன்றுக்கும் ஒரே சொல். எது எங்கே என்பது தோட்டத்தில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு வரைதான் தமிழ்ப்பள்ளி, அப்புறம் முழுக்க மலாய்ப் பள்ளி. தூக்கத்தில் உளறுவதே மலாயில்தான் என்று பீற்றிக்கொண்டவள் நான்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம், ஒரு பள்ளி நாள் காலையில், பீடோங் முச்சந்திக்கு அருகில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போன வேனைச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று பின்னாலிருந்து இடித்தது. வேன் சாலையோரக் கால்வாயில் இறங்கிவிட்டது. பிள்ளைகளுக்குச் சிராய்ப்புதான். வேன் ஓட்டியவருக்கு ஸ்டியரிங் நெஞ்சில் மோதி விலா எலும்பு முறிந்தது. போலீஸ் அறிக்கையின் கடைசி வரியில் வேன் ஓட்டுநர் 'டிதஹான் டி வார்ட்' என்று இருந்தது. வார்டில் சேர்க்கப்பட்டார். அவ்வளவுதான்.

பாஸ் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு குதித்தார். "சீக்கிரம்லா! இன்னொரு நியூஸ்காரன் போட்டுட்டான், பாரு, பாரு! என்னா இன்னும் தடவிக்கிட்டு இருக்க?" அவருடைய மூச்சு என் பிடரியில் பட்டது. என் கண் டிதஹான் வரை போனது, டி வார்டுக்குப் போகவில்லை. 'வேன் ஓட்டுநர் தடுத்து வைக்கப்பட்டார்' என்று தட்டினேன். ஓடிப்போய்க் கக்கூஸ் மூடியில் உட்கார்ந்து அதையே கணீரென்று வாசித்தேன். திரும்பி வந்தபோது பாஸ் முகப்பைத் தயாராக வைத்திருந்தார். ஒரு பிள்ளையின் காலிலிருந்து கழன்று சாலையில் கிடந்த வெள்ளைச் சப்பாத்துப் படம், அதற்கு மேல் சிவப்பில் மூன்று சொல்: 'பள்ளி டிரைவர் கைது!'

பின்னாலிருந்து இடித்தது லாரி என்பதை இரண்டாவது வரியிலேயே சொல்லியிருந்தேன். யார் கேட்டார்கள்? ஒரு மணி நேரத்தில் கீழே கருத்துகள் குவிந்தன. இவனையெல்லாம் நடுரோட்டில் நிற்க வைத்து அடிக்க வேண்டும் என்றான் ஒருவன். குடித்திருப்பான் என்றாள் ஒருத்தி. சாயங்காலத்துக்குள் அந்த 'இருப்பான்' காணாமல் போய், குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஆகிவிட்டது. சிலுவைப் படத்தைத் தன் முகப்பாக வைத்திருந்த ஒரு புண்ணியவதி அவருடைய குடும்பத்தையும் சேர்த்துச் சபித்திருந்தாள். பாஸ் ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்து, "சூப்பர்லா, சூப்பர்லா" என்று என் முதுகில் தட்டினார். எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. நான் செய்த வீடியோக்களில் அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

மறுநாள் அம்மா ஃபோன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே, "ஏன்டி, உனக்கு அறிவிருக்கா?" என்றாள்.

"என்னாம்மா?"

"கோயில்ல நம்ம பெஞ்சுக்குப் பின்னால ஒக்காருவாரே, அந்த வேன்காரரு. ஆஸ்பத்திரில படுத்திருக்காரு. இப்பதான் பாத்து ரொட்டி குடுத்துட்டு வர்றேன். பக்கத்துல போலீசும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ என்னாத்துக்கு கைதுன்னு வாசிச்ச?"

ஃபோனைக் காதில் வைத்தபடியே அறிக்கையைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தேன். டி வார்ட் என்று இருந்தது. அப்பாவுக்கு டெங்கி வந்தபோது அந்தச் சொல்லைக் கேட்டு அழுதவள் நான்தான். அதே சொல்லை வைத்து ஒரு மனுஷனை ஜெயிலில் போட்டுவிட்டேன்.

பாஸிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. பல்லைக் குத்திக்கொண்டே யோசித்தார்.

"நீ என்னா சொன்ன? தடுத்து வைக்கப்பட்டார்னுதான சொன்ன?"

"ஆமா பாஸ்."

"வார்டுலேருந்து அவர வெளிய விடறாங்களா?"

"இல்ல பாஸ். விலா ஒடஞ்சிருக்கு."

"அப்ப தடுத்துதான வச்சிருக்காங்க! தப்பே இல்லயே!" என்று கையைத் தட்டிச் சிரித்தார். என்ன கேவலம் என்றால், நானும் சிரித்தேன். வாய் தானாக இளித்தது. பிறகு, "பாஸ், ஒரு திருத்தமாச்சும் போடலாமே?" என்றேன். "திருத்தம் போட்டா நம்ம பேரு நாறிடும். நீ வேணும்னா போய் அவர ஒரு பேட்டி எடு. அவரே சொல்லட்டும், போட்டுடலாம்" என்றார். அந்தப் பேச்சை நம்பினேன். நம்ப வேண்டும் என்று ஆசை இருந்தால் எதைத்தான் நம்பமாட்டோம்?

அடுத்த வாரம் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அம்மா சொன்னாள். விடுமுறை நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துப் பீடோங் போனேன். வரிசை வீடுகளில் ஓரத்து வீடு. வேனைப் பட்டறையில் தட்டி நிமிர்த்தி வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கேட்டைத் திறந்த அவருடைய மனைவி என்னைக் கண்டதும், "உள்ள வாம்மா. நீதான அந்த வீடியோவுல பேசினது? கோயில்ல வாரா வாரம் கேக்கற குரலு, தெரியாதா எங்களுக்கு?" என்றார். திட்டுவதாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னார். யார் செய்தார்கள் என்று தெரியாது என்று நடிக்கலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். சீ, எனக்கு வந்த யோசனையைப் பாருங்கள்.

அவர் தலையணையை நெஞ்சில் அணைத்தபடி சோபாவில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். நான், "அண்ணே, சோரிண்ணே, அவசரத்துல அந்த டி வார்ட..." என்று இழுத்தேன்.

"பரவால்ல தங்கச்சி. அவசரத்துல நடக்கறதுதான்" என்றார். "ஆனா ஏழு வீட்டுப் பிள்ளைங்க நம்ம வேன்ல வரும். இப்ப பள்ளி லீவு. தொறந்தா ஒரு வீட்டுலயும் அனுப்ப மாட்டோம்ங்கறாங்க. குடிகாரன் வேன்லயா அனுப்பறதுன்னு ஒரு அக்கா மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டாங்க. நான் பீர் வாசனகூட தாங்க மாட்டேன்மா."

"லீவு முடிஞ்சு பள்ளி தொறக்கறதுக்குள்ள பிள்ளைங்க திரும்பலேன்னா வேன வித்துட வேண்டியதுதான்" என்றார் அவர் மனைவி. "பத்து வருஷமா இந்த வேன்தான்மா எங்களுக்கு."

"அதெல்லாம் ஆகாது" என்று அவர் மனைவியை அடக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "நீ போட்ட. நீயே சரிபண்ணிடு தங்கச்சி. வேற ஒண்ணும் வேணாம்."

"கண்டிப்பாண்ணே" என்றேன். அந்தக் 'கண்டிப்பா' என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது!

கேமராவுக்கு முன்னால் உட்கார்வதற்காக அவர் பூசைக்குப் போடுகிற முழுக்கைச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கையைத் தூக்க முடியாததால் மனைவிதான் பொத்தான் போட்டுவிட்டார். போலீஸ் அறிக்கையைக் கையில் பிடித்து நிதானமாகப் பேசினார். லாரிதான் இடித்தது, என்னை யாரும் பிடிக்கவில்லை, வார்டில்தான் இருந்தேன், பெற்றோர்கள் பயப்பட வேண்டாம். ஒரு கோபம் இல்லை, ஒரு புலம்பல் இல்லை. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் இருமல் வந்து விலா சுண்டி இழுத்துவிட்டது. முகம் கோணி, கண்ணில் நீர் தளும்ப, "அம்மா" என்று முனகினார். நான் கேமராவை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வலி அடங்கியதும் அவரே, "அத வெட்டிடும்மா" என்றார். "வெட்டிடறேண்ணே" என்றேன்.

வெட்டினேன். ஆனால் வெட்டாத மூலத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பது விதி. பாஸ் அதைத் திறந்து பார்த்தார். மறுநாள் நான் வேலைக்குப் போகும்போது வீடியோ ஏறிவிட்டிருந்தது. முதலில் அந்த முனகல், அதற்கு மேல் பின்னணி இசை. முகப்பில் கோணிய முகமும் கண்ணீரும். மூன்று சொல்: 'கைதான டிரைவர் கதறல்!'

"பாஸ், அவரு அழவே இல்ல! விலா வலிச்சுது! கைதாகலன்னு சொல்றதுக்குத்தான அவரு பேசினாரு!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் ஒரு முதலாளியைப் பார்த்துக் கத்தியது அன்று ஒரு நாள்தான்.

"உள்ள அவரு சொல்றாருலா, கைதாகலன்னு. பாக்கறவன் முழுசா பாக்கட்டுமே. அது நம்ம தப்பா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "அடுத்த மாசம் உனக்கு லெட்டர் இருக்கு. ஞாபகம் வச்சுக்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் கத்தல் அடங்கிவிட்டது.

ஓர் உண்மையை நான் உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. வீடியோக்கள் ஏறுகிற எங்கள் இணையப் பக்கத்தை நடத்துகிற அட்மின்களில் நானும் ஒருத்தி. இரண்டு வீடியோவையும் அழிக்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஃபோனில் மூன்று இடத்தைத் தொட்டால் போதும், போய்விடும். ஒவ்வொரு நாளும் படுக்கப்போகுமுன் அந்த இடம் வரை போவேன். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்கும். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிவிடுவேன். அம்மாவிடம் கேட்டேன். "மொதல்ல கன்ஃபர்ம் லெட்டர் கைக்கு வரட்டும். அப்புறமா சண்ட போட்டுக்க" என்றாள். அம்மா அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். தினமும் அதை எனக்குச் சொல்லிக்கொண்டது நான்தான். பழியை அவள் தலையில் போடுவதற்கு எனக்கு வாயில்லை.

அழிப்பதற்குப் பதிலாக ஒரு மலிவான வேலை செய்தேன். போலீஸ் அறிக்கையை அச்சடித்து எடுத்துக்கொண்டு, அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏழு வீட்டுக்கும் போனேன். வாசலில் நின்று அந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. ஓர் அக்கா மட்டும் சிரித்துவிட்டார்.

"இது எனக்கு அன்னிக்கே தெரியும் தங்கச்சி. என் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிலதான வேல பாக்கறாரு. அவருதான் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கிட்டுப் போனாரு."

"அப்புறம் ஏன்க்கா பிள்ளய அனுப்ப மாட்டேங்கறீங்க?"

"எல்லாரும் கைது, கைதுங்கறப்ப நான் மட்டும் அனுப்பினா எங்க வீட்டுல என்னா சொல்லுவாங்க? நாளைக்கு ஒண்ணு நடந்தா, தெரிஞ்சே அனுப்பினியான்னு கேக்க மாட்டாங்களா?" என்றார். பிறகு, "காயிதத்த வச்சு என்னா பண்றது? அந்த வீடியோவ எடுத்துட்டா எல்லாரும் மறந்துடுவாங்க. அது அங்க இருக்கற வரைக்கும் தெனம் எவளாச்சும் அனுப்பிக்கிட்டேதான் இருப்பா. நேத்துகூட எனக்கு வந்துச்சு. நீதான அங்க வேல பாக்கற, எடுக்கச் சொல்லேன்" என்றார்.

"சொல்றேன்க்கா" என்றேன்.

அந்த அக்காவை நினைத்து அன்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தேன். தெரிந்தும் சும்மா இருக்கிறாளே, என்ன ஜென்மமோ என்று. பீடோங் பசாரைத் தாண்டுகிறவரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் திட்டுவதற்கு வாய் வரவில்லை.

பள்ளி திறந்தது. பிள்ளைகள் வேறு வேனில் போனார்கள். அதற்குப் பத்து நாள் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. பாஸ் எல்லோரையும் அந்த மேசையைச் சுற்றி நிற்கவைத்து வாசித்தார். என்னுடைய சிறந்த பங்களிப்பு என்று அந்தப் பள்ளி வேன் செய்தி இரண்டையும் கடிதத்திலேயே எழுதியிருந்தார். கைதட்டினார்கள். கேக் வெட்டி என் வாயில் ஊட்டினார் பாஸ். விழுங்கினேன், துப்பவில்லை.

அன்று மத்தியானம் கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரண்டு வீடியோவையும் அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது, ஆம் என்றேன், போய்விட்டது. அவ்வளவுதான் வேலை. பாஸ் என்ன செய்வாரோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் அவர் கவனிக்கவே இல்லை. நான்காம் நாள், "எங்க அது? தளத்துக்காரனே எடுத்துட்டான் போல. பரவால்லலா, பழசுதான" என்று சொல்லிவிட்டு அடுத்த விபத்தைத் திறந்தார். இதற்கா பயந்தேன்? இவ்வளவு நாளும் இந்த ஆளுக்கா பயந்தேன்?

அந்தச் சனிக்கிழமை பூசை முடிந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். வெட்கமில்லாமல் அதையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் வேன் இல்லை. அது நின்ற இடத்தில் சிமெண்டை யாரோ தேய்த்துக் கழுவியிருந்தார்கள். வெளியே நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு ஃபேக்டரியில் காவல் வேலைக்குச் சொல்லியிருப்பதாகவும், விலா சேர்ந்ததும் போகப்போவதாகவும் சொன்னார். என்னை உட்காரச் சொன்னார். "ஒரு டீ கலக்கு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, ரெண்டு வீடியோவையும் எடுத்தாச்சு" என்றேன்.

"அப்படியா!" என்று நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "எப்படியோ உங்க பாஸ்கிட்ட பேசி ஒத்துக்க வச்சிட்ட. சூசாதான் உனக்கு, ரொம்ப கஷ்டப்பட்டிருப்ப."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நல்ல பெயரோடு டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். எனக்கே என்னைப் பொறுக்க முடியவில்லை.

"அவருக்குத் தெரியாதுண்ணே. நானேதான் அழிச்சேன்."

"நீயேவா? நீயே அழிக்கலாமா அத?"

"அழிக்கலாம்ணே. ஃபோன்லயே."

"இப்பத்தான் அழிக்க முடியுமா, இல்ல மொதல்லேருந்தே முடியுமா?"

"மொதல்லேருந்தே."

அவருடைய மனைவி டீ டம்ளரோடு வாசற்படிக்கு வந்து நின்றார். அவர் திரும்பி, மெதுவாகத்தான் சொன்னார்.

"அத உள்ள கொண்டுபோ."